வெளிநாட்டு வெப்பமண்டலக் காட்டில் களப்பணி வழியாகப் படிக்கப் போகிறவர்களுக்கு

கேள்வி இது: உயிரியலில் இளநிலைப் பட்டம் முடித்த ஒருவர், வெப்பமண்டலக் காடுகளையும் அவற்றின் பாதுகாப்பையும் வெளிநாட்டுக் களநிலையம் ஒன்றில் தங்கிப் படிக்க விரும்புகிறார். எந்த இடத்தைத் தேர்வது, எதற்கெல்லாம் அனுமதி வேண்டும், அங்கே உண்மையில் என்ன வேலை நடக்கும், எங்கே சறுக்கும்?

சறுக்கும் இடத்திலிருந்தே தொடங்குகிறேன். இப்படிப் போகிறவர்களின் திட்டம் பாம்பாலும் மழையாலும் கெடுவது குறைவு. கேள்வி மிகப் பெரிதாக இருப்பதாலும், அனுமதி தாமதமாக வருவதாலும் கெடுவதே அதிகம். 'காடழிப்பு பறவைகளை எப்படிப் பாதிக்கிறது' என்பதற்கு நான்கு வாரத்தில் யாராலும் விடை சொல்ல முடியாது. 'இந்த மரத்தின் விதைகள் தாய்மரத்தடியில் அதிகம் தின்னப்படுகின்றனவா, 25 மீட்டர் தள்ளிக் கிடந்தால் அதிகம் தின்னப்படுகின்றனவா' என்று கேட்டால் அதே நான்கு வாரத்தில் நம்பத்தகுந்த விடை கிடைக்கும். இடம், பருவம், கருவி, அனுமதி எல்லாமே இந்த இரண்டாவது வகைக் கேள்வியைச் சுற்றித்தான் முடிவாக வேண்டும்.

ஆனால் பெரும்பாலோர் விலங்கைப் பார்த்து இடத்தை முடிவு செய்கிறார்கள். ஜாகுவார் என்றால் பெரு, ஒராங்குட்டான் என்றால் போர்னியோ, சிம்பன்சி என்றால் உகாண்டா. போய் ஒரு மாதம் தங்கினாலும் ஜாகுவாரின் கால்தடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவதே வழக்கம். களநிலையத்தின் உண்மையான சொத்து அதன் பழைய தரவு: பல ஆண்டு மழைப் பதிவு, எண் அட்டை கட்டிய மரங்கள், மண் வரைபடம், இனப் பட்டியல், பாதைகளில் 50 அல்லது 100 மீட்டருக்கு ஒருமுறை அடித்த குறிகள். இவை இருந்தால் உங்கள் நான்கு வாரம் பலருடைய பல ஆண்டு உழைப்பின் மேல் ஏறி நிற்கும். இல்லாவிட்டால் பாதையை வெட்டி அளப்பதிலேயே பாதி நாள் போய்விடும்.

சில இடங்களை எடுத்துக்கொள்வோம். கோஸ்டாரிகாவின் சராபிக்கி பகுதியில் உள்ள லா செல்வா நிலையம் சுமார் 1,600 ஹெக்டேர் தாழ்நில மழைக்காடு. 1963இல் தொடங்கப்பட்ட வெப்பமண்டல ஆய்வு அமைப்பு, அதாவது ஓ.டி.எஸ்., 1968 முதல் அதை நடத்துகிறது. ஆண்டுக்குச் சுமார் 4,000 மி.மீ. மழை, உண்மையான வறண்ட மாதமே கிடையாது. அதே அமைப்பின் பாலோ வெர்டே நிலையம் குவானகாஸ்டே மாகாணத்தில், இலையுதிர் வறண்ட காட்டுக்கும் சதுப்பு நிலத்துக்கும் நடுவே இருக்கிறது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே மழை கிட்டத்தட்ட இல்லை, பெரும்பாலான மரங்கள் மொட்டையாக நிற்கும். பனாமா எல்லைக்கு அருகே சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் லாஸ் குரூசஸ், காப்பித் தோட்டங்களும் மேய்ச்சல் நிலமும் சூழ்ந்த துண்டுக் காடுகளைப் படிக்க ஏற்றது. சிறிய நாடு ஒன்றுக்குள்ளேயே மூன்று வகைக் காட்டை ஒப்பிட முடிவதால்தான் முதல்முறை போகிறவர்களுக்குக் கோஸ்டாரிகாவைப் பலரும் சொல்கிறார்கள். என் பரிந்துரையும் அதுவே.

பனாமாவின் பாரோ கொலராடோ தீவு வேறு ரகம். பனாமா கால்வாய்க்காகச் சாக்ரஸ் ஆற்றை அணைகட்டித் தடுத்தபோது காட்டூன் ஏரி உருவாகி, ஒரு மலையின் உச்சி தீவாகிவிட்டது. 1923இல் அது காப்பிடமானது, 1946 முதல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் ஸ்டீபன் ஹப்பலும் ராபின் ஃபாஸ்டரும் அங்கே 50 ஹெக்டேர் நிலத்தை அளந்து, 1 செ.மீ. விட்டத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் செடிக்கும் எண் கட்டி, வரைபடத்தில் குறித்தார்கள். சுமார் 300 இனங்கள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தண்டுகள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி அளக்கும் முறையும் அங்கிருந்தே பரவியது. அந்தத் தரவு பொதுவெளியில் கிடைக்கிறது. அங்கே போகாமலேயே அதில் பயிற்சி எடுக்கலாம், எடுத்துவிட்டுப் போகிறவர் முதல் வாரத்திலேயே மற்றவர்களைவிட முன்னால் நிற்பார். மலேசியத் தீபகற்பத்தின் பாசோவில் இதே அளவுள்ள நிலத்தில் 800க்கும் மேற்பட்ட மர இனங்கள் இருக்கின்றன. இனம் காணும் திறமை இல்லாதவருக்கு அது கடினமான இடம்.

போர்னியோவில் உள்ள மலேசியாவின் சபா மாநிலத்தில் டானும் பள்ளத்தாக்கு 438 சதுர கி.மீ. பரப்புள்ள காடு, டிப்டெரோகார்ப் என்ற உயரமான மரக் குடும்பமே அதில் மிகுதி. அங்கே விதை, நாற்று பற்றித் திட்டம் போடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: இந்த மரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, பெரும்பாலும் பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ காலத்தை ஒட்டி, பல இனங்கள் ஒன்றாகப் பூத்துக் காய்த்துத் தள்ளும். இடைப்பட்ட ஆண்டில் போனால் எண்ண விதையே இருக்காது. உகாண்டாவின் கிபாலே காட்டில், மக்கெரேரே பல்கலைக்கழக நிலையத்தில் தங்கிக் குரங்கினங்களைப் படிக்கலாம். அங்கே சிம்பன்சிகளுக்கு நம் சளிக்காய்ச்சல் உயிர்க்கொல்லி என்பதால் முகக்கவசம், குறைந்தபட்ச இடைவெளி, உடம்பு சரியில்லாதவர் காட்டுக்குள் போகத் தடை என்று விதிகள் இறுக்கமாக இருக்கும். ஒரு வாரம் தும்மல் என்றால் ஒரு வாரத் தரவு போயிற்று. அதற்கும் சேர்த்தே நாள் ஒதுக்குங்கள்.

எப்படிப் போவது என்பதில் மூன்று வழிகள் உண்டு. ஆசிரியர்கள் உடனிருந்து நடத்தும் களப் பாடநெறி ஒன்று. ஓ.டி.எஸ். நடத்துவது போன்றவை, ட்ராபிக்கல் பயாலஜி அசோசியேஷன் ஆப்பிரிக்காவிலும் போர்னியோவிலும் நடத்தும் ஒரு மாதப் பாடநெறிகள் ஆகியவை இந்த வகை. யாரோ ஒருவரின் நீண்டகால ஆய்வில் உதவியாளராகச் சேர்வது இரண்டாவது. சொந்த ஆய்வுத் திட்டத்தோடு போவது மூன்றாவது. முதல்முறை என்றால் முதல் வழியே நல்லது, செலவு அதிகம் என்றாலும். பணம் கட்டித் தன்னார்வலராகச் சேரச் சொல்லும் நிறுவனங்களும் ஏராளம். அவற்றிடம் இவற்றைக் கேளுங்கள்: தரவு யாரிடம் போகிறது? அதிலிருந்து என்ன வெளிவந்திருக்கிறது? அந்த நாட்டு மாணவர்களுக்கு எத்தனை இடம்? ஆய்வு அனுமதி யார் பெயரில் இருக்கிறது? விளம்பரப் படத்தில் தன்னார்வலர் குட்டிக் குரங்கையோ தேவாங்கையோ கையில் வைத்துக்கொண்டு சிரித்தால், மேலே எதுவும் கேட்க வேண்டாம்.

அனுமதிக்கு வருவோம், நேரத்தைத் தின்பது இதுதான். சுற்றுலா விசாவில் போய் ஆய்வு செய்வது பல நாடுகளில் குற்றம். கோஸ்டாரிகாவில் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கான ஆய்வு அனுமதியை சினாக் அமைப்பு தருகிறது. மரபணு அல்லது உயிர்வேதிப் பொருளைத் தொடும் ஆய்வென்றால், 1998ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி கொனஹேபியோ ஆணையத்தின் அனுமதி தனியாக வேண்டும். பெருவில் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் செர்னான்ப், வெளியே செர்ஃபோர் என்ற அரசு அமைப்புகள் தருகின்றன. சபாவில் சபா பல்லுயிர் மையம். பிரேசிலிலும் இந்தோனேசியாவிலும் உள்நாட்டு நிறுவனம் ஒன்று கூட்டாளியாகக் கையெழுத்திடாமல் விண்ணப்பமே நகராது. இந்தோனேசியாவின் 2019ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதியில்லாத வெளிநாட்டு ஆய்வுக்குத் தண்டனையும் வைத்திருக்கிறது. ஆறு மாதம் முன்பே விண்ணப்பிப்பது பாதுகாப்பு, மாதிரி எடுத்து வெளியே கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் அதற்கும் முன்பே.

மாதிரி கொண்டுபோவதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2010இல் ஏற்கப்பட்டு 2014 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறைப்படி, ஒரு நாட்டின் மரபணு வளத்தைப் பயன்படுத்துவதற்கு அந்த நாட்டின் முன் ஒப்புதலும் பயன்பகிர்வு உடன்பாடும் தேவை. அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை ஆய்வு மாதிரிகளுக்கும் பொருந்தும். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் அதன் பட்டியல்களில் இருக்கிறது. ஆகவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் போட்ட ஓர் ஆர்க்கிட் இலையைப் பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுவதும் மீறல்தான். படிக்கும் நோக்கத்தில் போகிறவருக்கு என் யோசனை: மாதிரியை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகத் தேவைப்படாத திட்டமாகவே போடுங்கள். உள்ளூர் அருங்காட்சியகத்திலோ உலர்தாவரச் சேமகத்திலோ வைத்துவிட்டு, அளவும் படமும் எடுத்துக்கொண்டு திரும்பலாம்.

இப்போது ஆய்வின் வடிவம். முன்பு சொன்ன விதைக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். சூழலியலாளர்கள் டேனியல் ஜான்சன் 1970இலும் ஜோசப் கானெல் 1971இலும் தனித்தனியே முன்வைத்த கருத்திலிருந்து பிறந்தது அது: தாய்மரத்தின் அருகே அந்த இனத்துக்கே உரிய பூச்சியும் பூஞ்சையும் குவிந்திருப்பதால் விதையும் நாற்றும் அங்கே அதிகம் சாகின்றன, அந்த இடத்தில் வேறு இனம் முளைக்க வழி பிறக்கிறது, ஒரே ஹெக்டேரில் இத்தனை இனங்கள் சேர்ந்து வாழ இதுவும் ஒரு காரணம். மாணவர்கள் இதைச் சோதிக்கப் போய் வழக்கமாக இரண்டு தவறு செய்வார்கள். ஒரு பெரிய மரத்தைத் தேர்ந்து, நான்கு திசையிலும் கோடு போட்டு, 20 இடத்தில் நாற்றை எண்ணி, 20 மாதிரி இருப்பதாகக் கணக்கிடுவார்கள். உண்மையில் மாதிரி ஒன்றுதான், அந்த ஒரு மரம். ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984இல் போலி மறுசெய்கை என்று சுட்டிக்காட்டிய பிழை இதுவே, இன்றைக்கும் களப் பாடநெறி அறிக்கைகளில் அதிகம் காணப்படும் பிழையும் இதுவே. பத்து மரமாவது வேண்டும், ஒவ்வொன்றும் மற்றதிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும்.

இரண்டாவது தவறு நுட்பமானது. தூரம் போகப்போக நாற்று குறைகிறது என்று கண்டதும் கருத்து பொய் என்று எழுதிவிடுவார்கள். தூரத்தில் விழும் விதையே குறைவு, நாற்றும் குறைவாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது எண்ணிக்கையை அல்ல, பிழைத்திருக்கும் விகிதத்தை. ஒவ்வொரு மரத்திலிருந்தும் 2, 10, 25 மீட்டர் தொலைவில் ஒரே எண்ணிக்கையில், சொல்லப்போனால் ஐந்தைந்து விதை வைத்து, மூன்று நாளுக்கு ஒருமுறை பாருங்கள். விதை காணாமல் போனால் தின்றுவிட்டதாக எழுத வேண்டாம். அகூட்டி போன்ற கொறித்துண்ணிகள் விதையை எடுத்துப்போய்ப் புதைத்து வைக்கும், மறந்துபோனால் அது முளைக்கும். ஒவ்வொரு விதையிலும் மெல்லிய நைலான் நூலும் வண்ணத் துணுக்கும் கட்டிவிட்டால் எங்கே போயிற்று என்று தேடிப் பிடிக்கலாம். கையின் வாசனை படாமல் கையுறை போட்டு வையுங்கள். உண்மையான வேலைக்கு முன் ஒரு நாளை முன்னோட்டத்துக்கு ஒதுக்குங்கள். நூல் அறுகிறதா, மழையில் விதை அடித்துச் செல்லப்படுகிறதா, ஒரு மரத்துக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்பதெல்லாம் அன்றே தெரிந்துவிடும். நான்கு வாரப் பாடநெறியில் சொந்தத் திட்டத்துக்குக் கிடைப்பது பத்து நாள்தான் என்று வையுங்கள், அதில் மூன்று மழைக்குப் போகும் என்றும் வையுங்கள்.

மரம் அளப்பது பார்ப்பதற்கு எளிய வேலை. ஆனால் காட்டின் கார்பன் கணக்கு முழுவதும் அதன் மேல் நிற்கிறது. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவை எடுத்து 3.1416ஆல் வகுத்தால் விட்டம். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கத்திலிருந்து அந்த 1.3 மீட்டரை அளக்க வேண்டும். தண்டை ஒட்டி ஏறும் கொடியை நாடாவுக்கு அடியில் விடக் கூடாது, கொடியைத் தூக்கி நாடாவை உள்ளே செருக வேண்டும். நாடா சாய்ந்தால் அளவு கூடும். அடித்தண்டிலிருந்து பலகைபோல் விரியும் பலகை வேருள்ள மரத்தில் 1.3 மீட்டரில் அளந்தால் வேரைத்தான் அளக்கிறீர்கள். பலகை வேர் முடிந்த இடத்திலிருந்து 50 செ.மீ. மேலே, ஏணி வைத்தாவது அளந்து, அந்த உயரத்தையும் எழுத வேண்டும். அளந்த இடத்தில் பெயின்டால் ஒரு கோடு. வெப்பமண்டல மரங்கள் பலவும் ஆண்டுக்குச் சில மி.மீ. மட்டுமே பருக்கின்றன. அடுத்தவர் இரண்டு அங்குலம் மேலே அளந்தால் மரம் 'சுருங்கிவிடும்'.

இந்தத் துல்லியம் எதற்கு என்று கேட்டால், பரவலாகப் பயன்படும் 2014ஆம் ஆண்டுச் சமன்பாட்டைப் பாருங்கள்: தரைக்கு மேலுள்ள உயிர்த்திரள் (மரத்தின் உலர்ந்த எடை) கிலோகிராமில், 0.0673 × (மர அடர்த்தி × விட்டத்தின் வர்க்கம் × உயரம்) என்பதில் அடைப்புக்குள் உள்ளதற்கு 0.976 அடுக்கு. அடர்த்தி கன செ.மீ.க்குக் கிராமிலும், விட்டம் செ.மீ.யிலும், உயரம் மீட்டரிலும். விட்டம் வர்க்கமாவதால் அதில் 10 சதவீதம் கூட அளந்தால் உயிர்த்திரள் 20 சதவீதம் கூடிவிடும். பெரிய மரங்களில்தான் பலகை வேர் இருக்கும், பெரிய மரங்களில்தான் கார்பனும் இருக்கும். பிழை எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கூடிக்கொண்டே போகும், ஒன்றையொன்று ஈடுகட்டாது.

நில அளவும் அப்படியே. 20 × 20 மீட்டர் துண்டு என்றால் கிடைமட்டத்தில் 20 மீட்டர். 30 பாகைச் சரிவில் தரையோடு நாடா பிடித்தால் 23.1 மீட்டர் போக வேண்டும். ஜி.பி.எஸ். இதற்கு உதவாது, மர உச்சிகள் சேர்ந்து கூரைபோல் அமைந்த விதானத்துக்குக் கீழே பத்து மீட்டர் தள்ளிக் காட்டுவது சாதாரணம். திசைகாட்டியும் நாடாவும்தான்.

விலங்குகளுக்கு வந்தால் ஒவ்வொரு முறைக்கும் அதற்கே உரிய குருட்டுப் பக்கம் உண்டு. மிஸ்ட் நெட் எனப்படும் மெல்லிய பறவை வலை, பெரும்பாலும் 12 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் உயரம், தரையோரம் பறக்கும் பறவைகளை மட்டுமே பிடிக்கும். 30 மீட்டர் மேலே விதானத்தில் வாழும் பாதிப் பறவைகள் அதில் இல்லவே இல்லை. 20 முதல் 30 நிமிடத்துக்குள் ஒருமுறை வலையைப் பார்த்தே ஆக வேண்டும், மழை தூறினால் உடனே மூட வேண்டும். நனைந்த சிறு பறவை குளிரில் செத்துவிடும். பயிற்சியும் உரிமமும் இல்லாதவர் பறவையை வலையிலிருந்து எடுக்கக் கூடாது, வேடிக்கைக்காகக்கூட.

விலங்கு கடக்கும்போது தானே படம் எடுக்கும் கேமரா பொறியைத் தரையிலிருந்து 30 முதல் 50 செ.மீ. உயரத்தில், பாதைக்குச் சற்றுச் சாய்வாகக் கட்டுவார்கள். எதிரே வெயில் படும் இலை ஆடினால் ஒரே நாளில் ஆயிரம் வெற்றுப்படம் எடுத்து மின்கலம் தீர்ந்துவிடும், அதனால் முன்னால் உள்ள செடியைக் கிள்ளிவிட வேண்டும். எறும்பு உள்ளே கூடு கட்டும், ரப்பர் விளிம்பில் மண் ஒட்டினால் ஈரம் புகும். தேதியும் நேரமும் சரியாக வைத்திருக்கிறதா என்று பார்க்க, கட்டியதும் ஒரு பலகையில் இடம், தேதி, நேரம் எழுதி அதன் முன் காட்டுங்கள். பிறகு கணக்கில் வரும் சிக்கல்: ஒரு இடத்தில் பன்றிப் படம் இரட்டிப்பானால் பன்றி இரட்டிப்பு என்று பொருளல்ல, அங்கே பாதை அகலமாக இருந்திருக்கலாம். ஒரு இனம் ஓர் இடத்தில் இருக்கும் வாய்ப்பையும், இருந்தால் நம் கண்ணில் படும் வாய்ப்பையும் தனித்தனியாக மதிப்பிடும் புள்ளியியல் மாதிரிகளை (ஆங்கிலத்தில் occupancy models) போவதற்கு முன்பே படித்துவிடுவது நல்லது.

குரங்கு, பெரிய பறவை போன்றவற்றுக்கு நேர்கோட்டில் நடந்து எண்ணுவது வழக்கம். மணிக்கு ஒன்று அல்லது ஒன்றரை கி.மீ. வேகம்தான். விலங்கு கோட்டிலிருந்து எவ்வளவு செங்குத்துத் தொலைவில் இருந்தது என்பதை அளக்க வேண்டும், விலங்குக்கும் உங்களுக்கும் உள்ள தொலைவை அல்ல. கோட்டின் மேலேயே இருப்பது தவறாமல் கண்ணில் படுகிறது, நம்மைக் கண்டு நகர்வதற்கு முன்பே பார்த்துவிடுகிறோம் என்ற அனுமானங்கள் உடைந்தால் அடர்த்திக் கணக்கும் உடையும். 60 முதல் 80 தடவை பார்த்திருந்தால்தான் மதிப்பீடு நிற்கும். ஒரு மாதத்தில் ஒரு அரிய இனத்தை அத்தனை முறை பார்க்க முடியாது. ஆகவே பொதுவாகத் தென்படும் இனத்தையே எடுங்கள்.

தவளை ஆய்வில் கையாளுகிறவரே நோய் பரப்பக்கூடும். உலகம் முழுவதும் தவளைகளைக் கொன்ற கைட்ரிட் பூஞ்சை நீரிலும் சேற்றிலும் பயணிக்கும். கோஸ்டாரிகாவின் மான்டெவெர்டே மலைக்காட்டில் வாழ்ந்த தங்கத் தேரை 1989க்குப் பிறகு காணப்படவே இல்லை, அந்த அழிவுக்கான காரணங்களில் இந்தப் பூஞ்சையும் பேசப்படுகிறது. ஒரு ஓடையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் பூட்ஸைத் தேய்த்துச் சேற்றைப் போக்கி, ப்ளீச் கரைசலில் நனைத்துக் காயவிட வேண்டும். ஒரு தவளைக்கு ஒரு கையுறை. கொசு விரட்டி பூசிய கையால் தவளையைத் தொட்டால் அதன் தோல் வழியே அது உள்ளே போய்விடும்.

குறிப்பேடு: நீர் புகாத தாள், பென்சில். ஜெல் பேனா முதல் மழையிலேயே கரைந்துவிடும். நேரம் 24 மணி முறையில். 'பார்த்தேன், ஒன்றும் இல்லை' என்பதற்குப் பூஜ்யம் போடுங்கள், 'பார்க்கவில்லை' என்றால் காலியாக விடாமல் அதற்கு ஒரு குறியீடு போடுங்கள். காலியான கட்டம் எதைக் குறிக்கிறது என்று மூன்று வாரம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது, அந்த ஒரு காரணத்துக்காகத் தூக்கிப்போடப்பட்ட தரவு கொஞ்சநஞ்சமல்ல. அன்றைய தரவை அன்றிரவே கணினியில் ஏற்றி, பக்கங்களைப் படம் எடுத்து, இரண்டு இடத்தில் வையுங்கள்.

பொருட்களைப் பற்றிச் சுருக்கமாக: முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், தலைவிளக்கு இரண்டு, காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு கேமராவும் தொலைநோக்கியும், பருத்திக்குப் பதில் சீக்கிரம் காயும் துணி, போர்னியோவென்றால் இரத்தம் உறிஞ்சும் அட்டைகள் ஏறாமல் காக்கும் காலுறை. விலையுயர்ந்த மழைக்கோட்டு வேண்டாம், உள்ளே வியர்த்தே நனைந்துவிடுவீர்கள்.

உடல்நலத்தில், புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே பயண மருத்துவரைப் பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று, ஊசி போட்டுக்கொண்ட பத்தாவது நாளிலிருந்துதான் செல்லும், 2016 முதல் அது வாழ்நாளுக்கும் போதும். மலேரியா மாத்திரைகளில் டாக்சிசைக்ளின் திரும்பிய பின்னும் நான்கு வாரம், அட்டோவாக்குவோன்-ப்ரோகுவானில் ஏழு நாள் தொடர வேண்டும். பாதியில் நிறுத்துகிறவர்களே மாட்டிக்கொள்கிறார்கள். வௌவாலைத் தொடப் போகிறவர் வெறிநோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட வேண்டும். லா செல்வா போன்ற இடங்களில் டெர்சியோபெலோ என்ற விரியன் இருக்கிறது. கடித்தால் கட்டுப்போடுவதும் கீறுவதும் கூடாது, அசையாமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். விஷமுறிவு மருந்தை கோஸ்டாரிகா பல்கலைக்கழகத்தின் கிளோடோமிரோ பிக்காடோ நிறுவனமே தயாரிக்கிறது. ஆனால் பாம்பைவிட முறிந்து விழும் கிளையும், திடீரென ஏறும் ஆறும், மலைச்சாலையும் அதிகக் கவனத்துக்குரியவை. காற்று வீசும் நேரத்தில் பட்ட மரத்தடியில் நிற்காதீர்கள்.

காடுகளின் பாதுகாப்பு என்ற பாதியைக் காட்டுக்குள் மட்டும் படிக்க முடியாது. லா செல்வாவின் வேலியைத் தாண்டினால் அன்னாசியும் வாழையும்தான். கோஸ்டாரிகா 1996ஆம் ஆண்டின் 7575ஆம் எண் வனச் சட்டத்தால் காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றத் தடைவிதித்து, காட்டை வைத்திருக்கும் நில உரிமையாளருக்குப் பணம் தரும் திட்டத்தையும் கொண்டுவந்தது. அதற்கான நிதியில் ஒரு பகுதி எரிபொருள் வரியின் 3.5 சதவீதத்திலிருந்து வருகிறது. இந்தப் பணம் இல்லாவிட்டாலும் காடு நின்றிருக்குமா என்பதுதான் கடினமான கேள்வி. அதற்கு மரத்தை அல்ல, உரிமையாளரைக் கேட்க வேண்டும். நேர்காணலென்றால் உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் முன்பே வேண்டும், கேள்விகளை அந்த மொழியில் ஒருமுறை சோதித்திருக்கவும் வேண்டும். ஸ்பானிஷ், போர்த்துகீசியம், மலாய், சுவாஹிலி, எங்கே போகிறீர்களோ அதில் ஆறு மாதம் படித்துவிட்டுப் போனால் கிடைப்பதே வேறு. கோஸ்டாரிகாவில் 1989 முதல் கிராமத்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வகைப்பாட்டு உதவியாளர்களாக்கினார்கள். இலையின் மணத்தை வைத்தே இனம் சொல்லும் இப்படிப்பட்டவர்கள் எல்லா நிலையத்திலும் உண்டு. அவர்களுடைய உழைப்பில் எழுதிய கட்டுரையில் அவர்கள் பெயரும் ஆசிரியர் வரிசையில் இருக்க வேண்டும், நன்றியுரையில் ஒரு வரி போதாது.

கிளம்பும் முன் கட்டிய வண்ண நாடாக்களையெல்லாம் அவிழ்த்துவிடுங்கள், அடுத்தவர் அதைத் தன் குறியென்று நினைத்துக் குழம்புவார். தரவின் ஒரு பிரதியை, எந்த நெடுவரிசை எதைக் குறிக்கிறது என்ற விளக்கத்தோடு, நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். அனுமதியில் கேட்டிருந்த இறுதி அறிக்கையைத் தவறாமல் அனுப்புங்கள். அனுப்பாதவரால் அடுத்து விண்ணப்பிக்கும் மாணவருக்குச் சிக்கல் வரும். பூட்ஸை மறுபடி கழுவுங்கள். திரும்பி ஓராண்டுக்குள் காய்ச்சல் வந்தாலோ, வலிக்காத புண் ஒன்று வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தாலோ, எந்த நாட்டில், எந்த மாதத்தில், எந்த மாதிரிக் காட்டில் இருந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். மலேரியாவையும் மணல் ஈ பரப்பும், இப்படி ஆறாத புண்ணை உண்டாக்கும் லீஷ்மேனியாசிஸ் நோயையும் அவர் அதற்குப் பிறகுதான் சோதித்துப் பார்ப்பார்.